ஜானகி அம்மாள் கண்காட்சி மேசை: பலகை வாசகம் சரியா? குரோமோசோமை எண்ணிக் காட்ட முடியுமா?

கேள்வி: பிறைக்கரை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். செபராங் பிறையில் இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கழகத்தின் அறிவியல் கண்காட்சியில் தாவரவியலாளர் ஜானகி அம்மாளுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம். படிவம் 4, 5 மாணவர்கள் எட்டுப் பேர். கையில் இருப்பது 4 அடிக்கு 3 அடிப் பலகை ஒன்று, 40 மடங்கு லென்ஸ் வரை உள்ள நுண்ணோக்கி இரண்டு (எண்ணெய் லென்ஸ் கிடையாது), தண்ணீர்த்தொட்டிச் சூடேற்றி ஒன்று. தயாரிக்க மூன்று வாரம் இருக்கிறது.

பலகைக்கு மாணவர்கள் எழுதி வந்த வாசகம் இது: "இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டிய தமிழ்ப்பெண். அமெரிக்காவில் பிஎச்டி வாங்கிய முதல் இந்தியப் பெண்." வாட்சாப்பில் சுற்றுவதும் ஏறக்குறைய இதுதான். இதை அப்படியே ஒட்டலாமா?

இன்னொன்று. வெறும் படமும் எழுத்தும் வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். அவர் செய்த வேலையில் ஏதாவது ஒன்றை மேசையில் செய்து காட்ட வேண்டும். செல் பிரிவதைத் தடுக்கும் கொல்கிசின் என்ற ரசாயனத்தை வாங்கி வெங்காய வேரில் போடலாம் என்று ஒரு மாணவர் சொல்கிறார். செய்யலாமா? பினாங்கோடு இணைக்க ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய ஏடு

டீச்சர், அந்த வாசகத்தில் ஒட்டக்கூடியது எதுவுமே இல்லை.

முதலில் கரும்பு. கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912இல். அங்கே பணியாற்றிய பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் அங்கே காடாக வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்பையும் கலந்து, கோ 205 என்ற ரகத்தை 1918இல் வெளியிட்டார்கள். அப்போது ஜானகி அம்மாள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தார். நிலையத்தில் அவர் சேர்ந்ததே 1934இல்தான். இனிப்பூட்டிய புகழை அவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் உழைப்பை எடுத்துக் கொடுப்பதாகும். அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் உண்மையில் செய்தது மறைந்துபோகிறது.

அவர் செய்தது எண்ணியது. எந்தப் புல்லில் எத்தனை குரோமோசோம், கலப்பில் பிறந்த கன்றில் தாய்ப்பக்கம் எத்தனை வந்தது, தந்தைப்பக்கம் எத்தனை வந்தது, எந்தக் கலப்பு ஏன் மலடாகிறது என்பதுதான் அவர் வேலை. காட்டுக் கரும்பின் இந்திய வடிவங்களை ஒவ்வொன்றாக எண்ணி 1936இல் வெளியிட்டார். கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், எரியாந்தஸ் புல்லோடும், இம்பெராட்டாவோடும் கலந்து பார்த்தார். இம்பெராட்டா என்றால் வேறொன்றும் இல்லை, நம்மூர் லாலாங் புல்தான். இந்தக் கலப்புகள் எதுவும் தோட்டப்பயிராக வரவில்லை. இவ்வளவு தூரத்து உறவுகள் ஒரே கன்றில் சேர முடியுமா, சேர்ந்தால் குரோமோசோம்கள் என்ன செய்யும் என்பதே அங்கே கேள்வி.

அடுத்தது பட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் அவர் பெற்றது டி.எஸ்சி. (அறிவியல் முனைவர்) பட்டம். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உபகாரச் சம்பளத்தில் போனவர் (இந்தப் பார்பருக்கும் கரும்புப் பார்பருக்கும் தொடர்பில்லை, மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள்). 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு "1931, மிச்சிகன், டி.எஸ்சி." என்று எழுதுங்கள். யாரும் மறுக்க முடியாது.

மூன்றாவது, அவர் தலச்சேரியில் பிறந்த மலையாளி. பிறந்த நாள் 4 நவம்பர் 1897. சென்னை இராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி, கோயம்புத்தூரில் ஐந்து ஆண்டு, கடைசிக் காலத்தில் மதுரவாயல் ஆய்வுக்கூடம் என்று வாழ்வில் நெடுங்காலம் தமிழ்நாட்டில் கழிந்தது. அதைச் சொல்லலாம். நம்மவர் ஆக்க வேண்டிய அவசியம் இல்லை.

பலகைக்கு என் யோசனை: இரண்டு கயிறு கட்டுங்கள். மேல் கயிற்றில் அவர் வாழ்க்கை, கீழ்க் கயிற்றில் அதே ஆண்டுகளில் அறிவியல். அவர் பிறந்தபோது மெண்டலின் பட்டாணி விதிகளை உலகம் மறந்திருந்தது. அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டது 1900இல். 1937இல் கொல்கிசினால் குரோமோசோமை இரட்டிக்கலாம் என்று தெரிந்தபோது அவர் கோயம்புத்தூரில். 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போன இடத்தில் போர் மூண்டு, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் 45 வரை ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம். 1945இல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். பிறகு 1951 வரை விஸ்லி தோட்டம். நேரு அழைக்க இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. டிஎன்ஏ வடிவம் தெரிந்த 1953இல் அவருக்கு வயது 55. பத்மஸ்ரீ 1977, மறைவு பிப்ரவரி 1984. மேல் கயிறும் கீழ்க் கயிறும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால், விளக்கவுரை பாதி தேவைப்படாது.

பதில் 2: ஸ்லைடு செந்தூல்

மேசைச் செயல்முறைக்கு வருகிறேன். வெங்காய வேர்நுனி நசுக்கல்தான் சரி. வெங்காயத்தில் குரோமோசோம் 16, அதுவும் பெரிசு பெரிசானவை. 40 லென்ஸில் எண்ணிவிடலாம்.

வெங்காயத்தை முதலில் பாருங்கள். பசாரில் கிடைக்கும் பெரிய வெங்காயத்தில் முளைக்காமல் இருக்க மருந்து பட்டவை உண்டு. வாரம் ஆனாலும் வேர் வராது. சின்ன வெங்காயம் எடுங்கள், ஏழெட்டு எடுத்தால் நாலாவது வேர்விடும். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழைய வேரைப் பிளேடால் மெல்ல வழித்துவிடுங்கள். தட்டையே வெட்டிவிட்டால் போச்சு. பல்குத்தும் குச்சி குத்தி, அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். நம்மூர் வெக்கையில் தண்ணீர் ஒரே நாளில் நாறும், நாறினால் வேர்நுனி பழுப்பாகிச் செல் பிரியாது. காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் 1 முதல் 2 செ.மீ. வேர் வரும். அதற்குமேல் நீள விடாதீர்கள்.

கொல்கிசின் வேண்டாம், அதற்குப் பதில் ஐஸ். வேர்விட்ட வெங்காயத்தை அப்படியே, ஐஸ் மிதக்கும் தண்ணீர் உள்ள தெர்மாஸ் குடுவையில் 18 முதல் 24 மணி நேரம் வையுங்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்நூல்கள் குளிரில் கலைந்துவிடும். இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நடுவிலேயே குட்டையாகத் திரண்டு, பிரிந்து பிரிந்து கிடக்கும். எண்ணத் தோதான நிலை அதுதான். கொல்கிசினும் இதையேதான் செய்கிறது, நஞ்சோடு. குடுவையிலிருந்து எடுத்த கையோடு, செல்லை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் கலவையான நிலைநிறுத்தியில் போடுங்கள். ஐந்து நிமிடம் மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் நூல்கள் மறுபடி முளைத்துவிடும்.

நிலைநிறுத்தி: தூய எத்தனால் 3 பங்கு, பனி அசிட்டிக் அமிலம் 1 பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய கலவையில் இரண்டும் வினைபுரிந்து வீரியம் குறைந்திருக்கும். ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், சாயத்தைக் கெடுக்கும். வேரை 12 முதல் 24 மணி நேரம் அதில் ஊறவைத்து, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும். கண்காட்சி அன்று வேர் வளரவில்லையே என்று கையைப் பிசைய வேண்டாம்.

மேசையில் செய்வது இனிதான். வேரைத் தண்ணீரில் அலசி, 60 டிகிரியில் இருக்கும் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் போடுங்கள். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை இளகும். 3 நிமிடத்தில் எடுத்தால் செல்கள் கட்டியாகவே நிற்கும், 10 நிமிடம் தாண்டினால் நுனி இடுக்கியிலேயே கரைந்துவிடும். எடுத்து, தண்ணீரை மாற்றி மாற்றி 5 நிமிடம் அலசுங்கள். இப்போது நுனியில் 1 முதல் 2 மி.மீ. மட்டும் பால்வெள்ளையாகத் தெரியும். செல் பிரியும் இடம் அவ்வளவுதான். மீதியை வெட்டித் தூக்கிப் போடுங்கள். எத்தனை பேர் நுனியை எறிந்துவிட்டு நடுவேரை நசுக்குகிறார்கள் தெரியுமா! பிறகு "எல்லாம் செங்கல் மாதிரி நீளநீளமாகத் தெரியுதே" என்பார்கள்.

சாயம் அசிட்டோ ஆர்சின். 2 கிராம் ஆர்சினைச் சூடான பனி அசிட்டிக் அமிலம் 45 மி.லி.யில் கரைத்து, ஆறியதும் 55 மி.லி. தண்ணீர் சேர்த்து வடிகட்டுங்கள். அமிலத்தைச் சூடாக்குவது ஆய்வுக்கூடத்தில் ஆவியை இழுத்து வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் மட்டும். நுனிமேல் இரண்டு சொட்டு விட்டு, ஊசியால் கொத்திப் பிரித்து, 5 நிமிடம் விடுங்கள். கவர் ஸ்லிப் போட்டு, வடிதாளை நான்காக மடித்து மேலே வைத்துக் கட்டைவிரலால் நேரே கீழே அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் முறுக்கிய கயிறாகிவிடும்.

முதலில் 10 லென்ஸில் தேடி, பிறகு 40க்குப் போங்கள். குரோமோசோம்கள் ஒரே தளத்தில் இருக்காது. நுண்திருகை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே எண்ண வேண்டும். அந்தக் காலத்தில் கேமரா லூசிடா என்ற முப்பட்டகக் கருவியைக் கண்வில்லையில் மாட்டி, காண்பதை அப்படியே பென்சிலால் தாளில் வரைந்து எண்ணுவார்கள். உங்களுக்குக் கைப்பேசி போதும். மூன்று குவியத்தில் மூன்று படம் எடுத்து, அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வைத்து வரையச் சொல்லுங்கள். பார்வையாளர் மூவர் தனித்தனியே எண்ணட்டும். 15, 16, 17 என்று மூன்று விடை வரும். கூட்டம் அங்கேதான் நிற்கும்.

பிறைக்கரை டீச்சர்

மிக்க நன்றி. ஐஸ் யோசனை மாணவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரு சந்தேகம்: ஜானகி அம்மாள் எண்ணியது கரும்புதானே. வெங்காயத்துக்குப் பதில் கரும்பு வேரையே வைத்தால் என்ன? கொல்கிசின் ஏன் கூடவே கூடாது என்பதற்கும் மாணவர்களிடம் சொல்லக் காரணம் வேண்டும்.

பதில் 3: கரணைக்கணு

கரும்பு வேர் எடுப்பது சுலபம், எண்ணுவது நடக்காது. ஆனாலும் வையுங்கள், எண்ண முடியாததைக் காட்டுவதற்காகவே.

ஆயர் தெபு (கரும்புச்சாறு) கடைக் கரும்பு சீவியிருக்கும், உதவாது. தோலோடு, கணுவில் மொட்டோடு இருப்பது வேண்டும். பொங்கல் சமயத்திலும், சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு ஹொக்கியன் வீடுகளில் கரும்பு கட்டும்போதும் பினாங்குச் சந்தையில் முழுக்கரும்பு வரும். மற்ற நாளில் வீட்டோரம் வளர்ப்பவரிடம் ஒரு தண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு கணு வரும்படி கரணை வெட்டுங்கள். மொட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வேர் வளையம் இருக்கும், அது கரணையில் முழுசாக இருக்க வேண்டும். ஈர மணலில் படுக்க வைத்தால் நாலைந்து நாளில் வேர் வரும். பிறகு மேலே சொன்ன அதே செய்முறை.

நுண்ணோக்கியில் என்ன தெரியும்? எள்ளைக் கொட்டிய மாதிரி, எண்பதோ நூற்றுக்கு மேலோ குட்டிக் குட்டிப் புள்ளிகள். பக்கத்து நுண்ணோக்கியில் வெங்காயத்தின் 16 தடித்த கயிறுகள். இரண்டையும் பார்த்தவரிடம் "இதைத்தான் ஒருவர் ஆயுசு பூராவும் எண்ணினார்" என்று சொன்னால் போதும்.

கணக்கையும் ஒரு அட்டையில் போடுங்கள். தடித்த கரும்பில் 80. கோயம்புத்தூர்க் காட்டுக் கரும்பில் 64. தாய் பாதி, தந்தை பாதி என்ற பள்ளிக்கூடக் கணக்குப்படி 40 கூட்டல் 32, கன்றில் 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பதோ 112. தாய்க்கரும்பு பாதியைத் தராமல் 80ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது, காட்டுப்புல் மட்டும் பாதியைத் தருகிறது. தாயின் இனிப்பு நீர்க்காமல் தங்க, காட்டுப்புல்லின் தாங்குதிறன் கூட வந்து சேர இது ஒரு முக்கியக் காரணம். இந்த விசித்திரத்தை 1920களில் ஜாவாவில் பிரெமர் என்ற டச்சுக்காரர் கண்டார். கன்றை மறுபடி தடித்த கரும்பின்மேல் கலந்தால் 80 கூட்டல் 56, 136. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது, எண்ணினால்தான் தெரியும். காட்டுக் கரும்பு வகைகளில் 40 முதல் 128 வரை போகிறது. எந்த ஊர்ப் புல்லை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக அவர் எண்ணியது ஏன் என்று இப்போது புரியும்.

கோயம்புத்தூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேட்பார்கள். கரும்பு அங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். பூக்காத ஊரில் கலப்பு ஏது?

பினாங்குத் தொடர்பு வேண்டுமானால் கரும்பையே பிடியுங்கள். ரப்பருக்கு முன்னால் செபராங் பிறையில் ஓங்கியிருந்தது கரும்புத் தோட்டம்தான். நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய முதல் பெரிய தோட்டங்களும் அவைதான். பத்து காவான், கலிடோனியா எல்லாம் அந்த வரிசை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்து கரும்பை விழுங்கிவிட்டது. கவனம்: இது ஜானகி அம்மாள் கரும்பைத் தொடுவதற்கு முன்பே முடிந்த கதை. தனி அட்டையாக வையுங்கள், அவர் ரகம் இங்கே விளைந்தது என்று யாரும் படித்துவிடக் கூடாது.

பதில் 4: செண்பகப்பித்து

கொல்கிசின் பற்றி நான் சொல்கிறேன். அது செங்காந்தள் நஞ்சு. கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு என்றெல்லாம் சொல்வோமே, அதே கொடி. தமிழ்நாட்டில் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள், மருந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. கௌட் வாதத்துக்கு மருந்தாகும் அளவுக்கும் உயிரை வாங்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உடம்பில் செல் பிரியும் இடமெல்லாம் அது வேலையைக் காட்டும், குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் விழும். விழுங்கிய பிறகு கொடுப்பதற்கென்று கைவசம் முறிவு மருந்து கிடையாது. படிவம் 4 மாணவர் கையில் தூளாக எடைபோடக் கொடுக்கும் பொருள் இல்லை இது. தோட்டத்தில் செங்காந்தள் இருந்தால் பூவைப் படம் எடுத்து ஒட்டுங்கள், கிழங்கை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

அது என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். 1937இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் ஊமத்தை முதலிய செடிகளில் காட்டினார்கள்: குரோமோசோம் இரட்டித்த பிறகு கதிர்நூல் கலைந்தால், செல் இரண்டாகப் பிரியாமல் இரண்டு பங்கையும் தானே வைத்துக்கொள்ளும். விஸ்லியில் ஜானகி அம்மாள் இதைத்தான் மரங்களில் செய்தார். கோபுஸ் மக்னோலியாவின் நாற்றில் வித்திலைகள் விரிந்ததும் நடுக்குருத்தில் கொல்கிசின் கரைசல் வைப்பது முறை. 38 குரோமோசோம் என்பது 76 ஆகும். இலை தடிக்கும், இதழும் தடித்துப் பூ அதிக நாள் நிற்கும். அந்த மரங்களில் சில விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் நடப்பட்டன, ஒரு ரகத்துக்கு அவர் பெயரே வைத்தார்கள்.

இதில் தவறுவது எங்கே என்றால், குருத்தில் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. மருந்து பட்டபோது பிரிந்துகொண்டிருந்தவை மட்டும் இரட்டிக்கும். ஒரே கிளையில் 38ம் 76ம் கலந்து நிற்கும். பிறகு 38 செல்கள் வேகமாகப் பெருகி மற்றதை அமுக்கிவிடும். இரட்டித்த செடி என்று நம்பி வளர்த்தவர் கையில் மிஞ்சுவது பழைய செடியே. மருந்து கூடினாலோ குருத்தே கருகும். ஆகவே இலை தடித்ததைப் பார்த்து முடிவுகட்டாமல், மறுபடி வேர்நுனியோ மொட்டோ எடுத்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

மேசைக்கு ஏற்ற மாற்று இருக்கிறது. நம் கோயில் செண்பகம் மக்னோலியா பேரினம்தான், அதுவும் 38. முற்றிய இலையின் அடிப்பக்கம் நிறமில்லா நகப்பூச்சைத் தடவி, 15 நிமிடம் காயவிட்டு, ஒளிபுகும் நாடா ஒட்டி உரித்து ஸ்லைடில் ஒட்டினால் இலைத்துளைகளின் அச்சு வரும். நம் ஈரக்காற்றில் பூச்சு காய நேரம் பிடிக்கும், மின்விசிறி போடுங்கள். அவசரப்பட்டு உரித்தால் பூச்சு நூலாக இழுபடும். செண்பகத்தின் இளம் இலையில் மயிர் இருக்கும், அச்சு கெடும். முதல் முயற்சிக்கு, வீட்டுவாசலில் எல்லாரும் வைத்திருக்கும் ஊதா அடி ரியோ இலையே எளிது. பொதுவாகக் குரோமோசோம் தொகுதி கூடினால் துளையின் நீளமும் கூடும், ஒரே பரப்பில் எண்ணிக்கை குறையும். எண்ணெய் லென்ஸ் இல்லாத இடத்தில் இரட்டித்ததா என்று முதல் கட்டமாகச் சலித்துப் பார்க்க இதுதான் வழி.

பழமும் வையுங்கள். விதையில்லாத் தர்பூசணியில் குரோமோசோம் 33, அதாவது 11 வீதம் மூன்று தொகுதி. தாய் இரட்டித்த 44, தந்தை 22. மூன்று தொகுதி சோடி சேர முடியாமல் விதை வெள்ளைத்தோலாக நின்றுவிடும். வெட்டிக் காட்டலாம். பெராங்கான் வாழையும் 33. உடனே ஒரு கெட்டிக்காரர், "அப்போ விதையில்லாதது எல்லாம் மூன்று தொகுதியா?" என்பார். பீசாங் மாஸைக் கையில் கொடுங்கள். அதற்கு இரண்டே தொகுதி, 22, ஆனாலும் விதை இல்லை. விதையே இல்லாமல் காய் பெருக்கும் குணம் வாழைக்குத் தனியாக உண்டு.

பழைய ஏடு

செந்தூல் அண்ணே, உங்கள் நசுக்கல் முறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டீர்கள். ஜானகி அம்மாள் படித்த காலத்தில் வழக்கம் மெழுகுச் சீவல். வேரைப் படிப்படியாக எத்தனால் ஏற்றி, மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவல் கருவியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவார்கள். வெக்கையான ஊரில் மெழுகு இளகி, ரிப்பனாக வரும் சீவல் கத்தியில் ஒட்டும். அதைவிடத் தொல்லை, கத்தி குரோமோசோமையே துண்டாக்கிவிடும். ஒன்றின் தலை ஒரு சீவலில், வால் அடுத்ததில். இரண்டாக எண்ணுவார்கள், அல்லது ஒன்றைத் தொலைப்பார்கள். 1920களில் ஜான் பெல்லிங் இரும்பு சேர்த்த அசிட்டோ கார்மினில் மகரந்தப்பையை நசுக்கிப் பார்க்கும் முறையைப் பரப்பிய பிறகுதான் செல் முழுசாகக் கண்ணில் பட்டது. சாயத்தில் துருப்பிடித்த ஊசியால் கிண்டுவது அந்த இரும்புக்காகவே.

மனிதனுக்கு 48 என்று முப்பது வருடத்துக்கு மேல் பாடப்புத்தகத்தில் இருந்தது. கொல்கிசினும் நசுக்கலும் சேர்ந்த பிறகு, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர் லெவானோடு சேர்ந்து 46 என்று 1956இல் அறிவித்தார். எண்ணுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கீழ்க் கயிற்றில் மாட்டிவிடுங்கள்.

ஸ்லைடு செந்தூல்

ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கயிற்றில் இன்னொன்றும் மாட்டலாம். மேசையில் நீங்கள் சொட்டுவிடும் அசிட்டோ ஆர்சின், 1941இல் லா கூர் என்பவர் ஜான் இன்னஸில் வெளியிட்டது. அந்த ஆண்டு ஜானகி அம்மாளும் அங்கேதான் வேலை பார்த்தார். சாயப்புட்டியையே காட்சிப்பொருளாக வைத்து ஆண்டை ஒட்டுங்கள், மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள். சட்டையில் பட்டால் போகாது.

பிறைக்கரை டீச்சர்

வாசகத்தை இப்படி மாற்றியிருக்கிறோம்: "ஜானகி அம்மாள், 1897–1984. தலச்சேரியில் பிறந்தவர். கரும்பு, மக்னோலியா என்று ஆயிரக்கணக்கான செடிகளின் குரோமோசோம்களை எண்ணியவர். நீங்களும் எண்ணிப் பாருங்கள்." சரிதானா?

பழைய ஏடு

"ஆயிரக்கணக்கான" என்பதை எடுத்துவிடுங்கள் டீச்சர். அட்லஸில் இருப்பது பல நாட்டார் எண்ணியதன் தொகுப்பு, எல்லாம் அவர் கை எண்ணிக்கை அல்ல. மற்றது ஒட்டலாம்.

கரணைக்கணு

கரணை இன்றே வெட்டி மணலில் போட்டுவிடுங்கள். மணல் காயாமல், தண்ணீர் தேங்காமல். முதல் தொகுதி அழுகினாலும் இரண்டாவதுக்கு நேரம் இருக்கும்.